காமயகவுண்டன்பட்டியில் கொசு கேட்டுப் போனோம்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் பெட்டி நிறையக் கோடாலித் தைலமும் சாக்லேட்டும் கொண்டுவருவது வழக்கம். நாங்கள் பினாங்கிலிருந்து வந்தபோது என் பெட்டியில் இருந்தவை வலைத்துணியில் தைத்த காலிக் கூண்டுகள், ரப்பர்க் குழாய் மாட்டிய கண்ணாடிக் குழல்கள், கட்டுக்கட்டாகக் காகிதக் கோப்பைகள். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒரு கூண்டை விரித்தார், உள்ளே கைவிட்டுத் துழாவினார், மடித்தார், மறுபடி விரித்தார்.

"இதுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை. இனிமேல்தான் பிடிக்கணும்."

"எதை?"

"கொசுவை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஐம்பதைத் தொட்டு, முன்வழுக்கையும் விழுந்த முகம். அவருக்குத் திருப்தி இல்லை. அருகில் நின்ற என் மனைவியைப் பார்த்தார். அவள் ஒரே ஒரு வாக்கியம் சொல்லி ஒரு காகிதத்தைக் காட்டினாள். "போங்கம்மா" என்று வழிவிட்டார். எங்கள் இல்லறத்தின் சாரமே இதுதான். பேசுவது நான், நம்பப்படுவது அவள்.

நூர்ஜஹான் கொசு விஞ்ஞானி. உத்தமபாளையத்துப் பெண். தேங்காய் வியாபாரம் செய்யும் ராவுத்தர் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள். நான் நாகூர்க்காரன், பினாங்கில் ஒரு கப்பல் கம்பெனியில் சரக்குக் கணக்கு எழுதுகிறவன். கல்யாணப் பேச்சின்போது "பொண்ணு என்ன படிக்குது?" என்று எங்கள் வீட்டார் கேட்டதற்கு "கொசு" என்று பதில் வந்ததாம். என் தாயார் அதற்குப் பிறகு அன்று முழுக்க வேறொன்றும் கேட்கவில்லையாம்.

அவள் செய்வது கொசுவுக்கு வரைபடம் போடும் வேலை. ஊரில் கொசு எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் படம் அல்ல. அதை நானே போட்டுவிடுவேன், நான் படுக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும். இது கொசுவுக்கு உள்ளே இருப்பதன் படம். கொசுவுக்கு மூன்று ஜோடி குரோமோசோம். அவற்றின் மேல் அங்கங்கே டி.என்.ஏ. குறிகள் உண்டு, சாலையோரத்து மைல்கல் மாதிரி. கஷ்டம் என்னவென்றால் இந்தக் கற்களில் தூரம் எழுதியிருக்காது. தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது எந்த இரண்டு கற்கள் சேர்ந்தே போகின்றன, எவை பிரிந்துவிடுகின்றன என்று பிள்ளை பிள்ளையாகப் பார்க்க வேண்டும். அநேகமாகச் சேர்ந்தே போனால் அவை பக்கத்துப் பக்கத்து வீடு. அடிக்கடி பிரிந்தால் தூரத்துத் தெரு. ஏகப்பட்ட பிள்ளைகளைப் பார்த்த பிறகு சாலை மெல்லத் தெரியவரும்.

எதற்கு இந்தப் பாடு? மலேரியாவைப் பரப்பும் கொசு சில ஊர்களில் மருந்தடித்தால் சாவதில்லை. அதைக் காப்பாற்றும் ஜீன் எந்தக் கல்லுக்கும் எந்தக் கல்லுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தால், எந்த ஊரில் எந்த மருந்து வீண் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஐந்து வருடமாக நூர் போட்டுவந்த படத்தில் ஒரே ஓர் இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அந்த ஜீன் அங்கேதான் என்று அவளுக்குச் சந்தேகம். ஆனால் ஆய்வுக்கூடத்துக் கொசுக்களை வைத்து அந்த ஓட்டையை அடைக்க முடியவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே கூண்டுக்குள் சொந்தத்திலேயே சம்பந்தம் பண்ணி எல்லாம் ஒரே அச்சாகிவிட்டன. தாயின் கல்லும் தகப்பனின் கல்லும் வேறுவேறாக இருந்தால்தானே எது யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல முடியும்?

மருந்துக்குச் சாகாத, வெளியில் வளர்ந்த கொசுக் குடும்பம் வேண்டும். உத்தமபாளையத்திலிருந்து அவள் அண்ணன் காதர் மச்சான் போன் செய்யும்போதெல்லாம், "எத்தனை மருந்து அடிச்சாலும் எங்கூருக் கொசு அசர மாட்டேங்குது" என்று புலம்புவார். மற்றவர்களுக்கு அது புலம்பல், இவளுக்கு அது நற்செய்தி. அந்த வருடக் கடைசிக்குள் படம் முடியாவிட்டால் வேலையை வேறு குழுவிடம் கொடுத்துவிடுவதாக மேலதிகாரி சொல்லியிருந்தார். ஒரு மாத விடுப்பு கிடைத்தது. கிளம்பிவிட்டோம். கொசுவை உயிரோடு கொண்டுபோகக் கூடாது, இங்கேயே வளர்த்து, மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டி.என்.ஏ.வைப் பிரித்து, அதை மட்டும் கொண்டுபோகலாம் என்பது ஏற்பாடு. அதற்கு அவள் வாங்கிய அனுமதிகளை விவரித்தால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள்.

முதல் நாள் உத்தமபாளையம். எங்கள் நாகூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வானம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். இங்கே இரண்டு பக்கமும் மலை எழுந்து நின்று, மாப்பிள்ளை யார் என்று எட்டிப் பார்ப்பது போல இருந்தது. பார்த்து என்ன ஆகப்போகிறது. காதர் மச்சான் எனக்காக மாடியில் ஓர் அறையை வெள்ளையடித்து, ஏ.சி. மாட்டி, புதுக் கட்டில் போட்டு வைத்திருந்தார். நூர் உள்ளே போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு, சன்னலைச் சாத்தினாள், சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டினாள்.

"அண்ணே, இந்த ரூம் கொசுவுக்கு."

"அப்ப மாப்பிள்ளைக்கு?"

"அவுகளுக்குக் கீழ ஹால்ல பாயப் போடு."

காதர் மச்சான் என்னைப் பார்த்த பார்வையில் மூன்று தலைமுறையின் மரியாதை கலங்கியது. அதற்கு ஈடுகட்டவோ என்னவோ, அன்று மதியம் என் இலையில் பிரியாணி மலை மாதிரி விழுந்தது. பினாங்கில் நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர் ஒரு கரண்டிக்கு மேல் குழம்பு ஊற்றக் கணக்குப் பார்ப்பார். இங்கே போதும் என்று கையை மறித்தால், மறித்த கையின் மேல் ஒரு கரண்டி விழுகிறது.

இரண்டாம் நாள் காமயகவுண்டன்பட்டிக்கு டவுன் பஸ். வாய்க்கால், நெல் வயல், திராட்சைப் பந்தல், தெருவுக்குத் தெரு மாட்டுக் கொட்டம். மலேரியாக் கொசுவுக்கு இதைவிடச் சுகமான ஊர் அமையாது என்று நூர் தேர்ந்தெடுத்திருந்தாள். நான் கூண்டை மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் வந்து குனிந்து பார்த்தார்.

"என்ன சார், கோழியா?"

"கொசு பிடிக்கிற கூண்டு."

"அதுக்கு ஏன் சார் எறங்குறீக? இங்கனயே பிடிங்க. டிக்கெட் எடுக்காமத்தான் வருதுக."

பஸ்ஸே சிரித்தது. அடுத்த நிறுத்தத்தில் ஏறிய பெண்ணின் தேங்காய்ச் சாக்கு என் மடிக்கு வந்தது. கூண்டு அதற்கடியில் சப்பாத்தி ஆனது.

ராமத்தாய் அக்கா காதர் மச்சானுக்குப் பல வருடமாகத் தேங்காய் கொடுப்பவர். நான்கு மாடு, நல்ல உரத்த குரல், எதிர்வீட்டுப் பேச்சியம்மாவோடு ஓயாத போட்டி. மாட்டுக்கு எத்தனை லிட்டர், பெண்ணுக்கு எத்தனை பவுன், எல்லாவற்றிலும். நூரைப் பார்த்ததும், "ராவுத்தரு தங்கச்சியா? வா ஆத்தா, வா" என்று கட்டிக்கொண்டார்.

"அக்கா, நாளைக்கு வெள்ளென உங்க கொட்டத்துல கொசு பாக்க வரலாமா? இந்தத் தெருவுல எல்லாக் கொட்டத்துலயும் பாக்கணும்."

"அதுக்கென்ன தாயி, ஒன் வீடு மாதிரி. நான் எல்லாருகிட்டயும் சொல்லி வைக்கேன்."

சொல்லி வைத்தார். அதில்தான் எல்லாம் கெட்டது.

மூன்றாம் நாள் விடியும்போது நாங்கள் போய் இறங்கினால், தெரு முழுக்கச் சாணி தெளித்துக் கோலம். வேப்பிலை மூட்டம் போட்ட புகை இன்னும் கலையவில்லை. ராமத்தாய் அக்காவின் கொட்டத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. தரை கழுவிக் காய்ந்திருந்தது. நான்கு மாடுகளும் குளித்து, நெற்றியில் குங்குமத்தோடு, எங்களை வரவேற்கிற தோரணையில் நின்றன. மூலையில் சாம்பிராணி. அதற்கும் ஒரு மூலை தள்ளிக் கொசுவர்த்திச் சுருள்.

நூர் டார்ச் அடித்து ஒவ்வொரு சுவராகப் பார்த்தாள். கூரையின் உட்புறம் பார்த்தாள். தொட்டியின் அடி பார்த்தாள். எதிரே பேச்சியம்மாவின் கொட்டத்தில் பார்த்தாள். அங்கே பினாயில் வாடை. அடுத்தது, அதற்கடுத்தது. தெருக்கோடி வரை ஒரு கொசு இல்லை. ஒவ்வொரு வாசலிலும் வீட்டுக்காரர்கள் கைகட்டி நின்று, பரீட்சைத் தாள் வாங்குகிற முகத்தோடு கேட்டார்கள். "இருக்கா?"

"இல்லை" என்றதும் அவர்கள் முகத்தில் வந்த பெருமையை நான் விவரிக்கப்போவதில்லை. அந்தப் பெருமைக்கு நேர் எதிரில் என் மனைவியின் முகம் இருந்தது.

அவள் அழவில்லை. கோபிக்கவும் இல்லை. ராமத்தாய் அக்கா கொடுத்த காப்பியை வாங்கிக்கொண்டு கொட்டத்தின் வாசல்படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. காப்பி ஆறியது.

"என்னாத்தா, காப்பி நல்லால்லையா?"

"அக்கா, எனக்குக் கொசு வேணும்க்கா. கொசு இல்லாட்டி என் அஞ்சு வருசம் வீணு. வேற யாருக்காச்சும் தூக்கிக் குடுத்துருவாக."

அக்கா அவளை உற்றுப் பார்த்தார். பிறகு தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். "அடி ஆத்தா! கொசு பாக்க வாரேன்னுதானடி சொன்ன. கொசு வேணும்னு எங்கடி சொன்ன? பொண்ணு பாக்க வாராகன்னா வீட்டக் கழுவாம விடுவமா? வெளிநாட்டுல இருந்து வாராக, நம்ம தெரு நாறிப் போயிரக் கூடாதுன்னு ராத்திரிப் பூராக் கண்ணு முழிச்சு மூட்டம் போட்டோம்!"

இதில் யாரைக் குற்றம் சொல்வது? பினாங்கில் சுகாதார அதிகாரி வந்தால் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இங்கே கொசுவைத் தேடி வந்தவர்களுக்கு மரியாதை செய்ய ஒரு தெருவே கொசுவை ஒழித்துவிட்டது. அரசாங்கம் இத்தனை வருடமாகச் செய்ய முடியாததை ஒரே ராத்திரியில் விருந்தோம்பல் செய்து முடித்திருந்தது.

இனிமேல் மூட்டம் போடாதீர்கள், சில நாளில் கொசு தானாக வந்துவிடும் என்றாள் நூர். அங்கேதான் அடுத்த சிக்கல். ராமத்தாய் அக்கா ஒப்புக்கொண்டார். தெரு ஒப்புக்கொள்ளவில்லை. கொட்டத்தில் கொசு இருக்கிறது என்றால் வீட்டுக்காரிக்குச் சுத்தம் போதவில்லை என்று அர்த்தமாம். பேச்சியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னார்: "அவ கொட்டத்துல வேணா இருக்கும். எங்க வீட்ல நேத்தும் இல்ல, இன்னைக்கும் இல்ல, என்னைக்கும் இல்ல."

"யாரு கொட்டத்துலடி கொசு?" என்றார் ராமத்தாய் அக்கா. ஒப்புக்கொண்டதை அங்கேயே வாபஸ் வாங்கிவிடுவார் போலிருந்தது.

நான் சமாதானம் செய்யப் போனேன். மலேரியாவின் சரித்திரம், கொசுவின் வாழ்க்கை என்று, படித்ததையெல்லாம் திரட்டி ஒரு சிற்றுரை ஆற்றினேன். நல்ல அமைதி. முடித்ததும் ஒரு பெரியவர், "தம்பி எந்த ஊரு?" என்று கேட்டார். அவ்வளவுதான் அதன் விளைவு.

நூர் எழுந்தாள். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, பையிலிருந்து காகிதக் கோப்பை ஒன்றை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்தினாள்.

"ஒரு கொசுவுக்கு ஒரு கோப்பை. அது போடுற முட்டைக, அதுல வர்ற பிள்ளைக எல்லாம் ஒரே குடும்பம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பேரு வைக்கணும். மத்தவுக நம்பர் போடுவாக. நான் எந்த வீட்ல பிடிச்சனோ அந்த வீட்டுக்காரவுக பேரை வைக்கலாம்னு இருந்தேன். படம் முடிஞ்சு அச்சுல வரும்போது எந்தக் குடும்பத்துல கண்டுபிடிச்சதுன்னு போட்டுத்தான் வரும். வேண்டாம்னா பரவால்ல. பக்கத்து ஊர்ல கேட்டுக்கிறேன்."

எல்லோர் கண்ணும் கோப்பைக்குப் போனது. மாடு ஒன்று செருமியது.

"பக்கத்து ஊரு பேரு எதுக்கு அச்சுல வரணும்?" என்றார் பேச்சியம்மா.

சிற்றுரை ஆற்றியவன் வாயைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். பெண் அந்த மண்ணில் பிறந்தவள். எங்கே தட்டினால் எது திறக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த சில நாட்கள் மூட்டம் இல்லை. ஊரே சொறிந்துகொண்டது, ஆனால் தெம்பாகச் சொறிந்துகொண்டது. டீக்கடையில் நான் புரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் பேச்சு கேட்டது. "எங்க கொட்டத்துல நேத்தே வந்துருச்சுல்ல." "ஒங்களுதெல்லாம் சாக்கடைக் கொசு மாப்ள. அந்த அம்மாவுக்கு வேண்டியது வேற சாதி. சொவத்துல ஒக்காந்தா பின்பக்கத்தத் தூக்கிக்கிட்டு இருக்கும். எங்க வீட்ல இருக்கு." இதைச் சொன்னவர் என் பக்கம் திரும்பி, "இல்ல சார்?" என்று சாட்சிக்கும் கூப்பிட்டார்.

பிடிக்கும் நாள் வந்தது. கண்ணாடிக் குழலைச் சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவின் மேல் கவிழ்த்து, ரப்பர்க் குழாயின் மறுமுனையை வாயில் வைத்து மெல்ல உறிஞ்ச வேண்டும். கொசு குழலுக்குள் வரும். நடுவில் வலை இருப்பதால் வாய்க்குள் வராது. நூர் செய்தால் வராது. நான் செய்தபோது வலை நழுவியிருந்தது. மேற்கொண்டு கேட்காதீர்கள். ராமத்தாய் அக்கா, "துப்பிராத தம்பி, அது எங்க வீட்டுது!" என்று கத்தினார்.

அன்று காலை கொட்டம் கொட்டமாகப் போய் ரத்தம் குடித்து வயிறு பருத்த பெண் கொசுக்களாகப் பிடித்தாள். ஒவ்வொன்றும் கோப்பையில் ஏறியது, கோப்பையில் பெயர் ஏறியது. பேச்சியம்மாவின் கணவர் தன் பெயரைப் போடச் சொல்லி வந்தார். கொசுவில் குடும்பம் தாய்வழிதான், தகப்பன் யார் என்பதைப் பிள்ளைகளின் டி.என்.ஏ.வைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்போம் என்றாள் நூர். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெதுவாக நகர்ந்துவிட்டார்.

பிறகு மாப்பிள்ளை அறை. ஈரத்துணி தொங்க, இளஞ்சூட்டில், வரிசையாகக் கோப்பைகள். கொசுக்களுக்கு ஆகாரம் ஊறவைத்த திராட்சை. காதர் மச்சான் எனக்காக வாங்கி வைத்திருந்த கம்பம் பன்னீர்த் திராட்சையும் மேலே போனது. நான் ஹாலில் பாயில் படுத்துக்கொண்டு ஏ.சி. ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

முட்டைகள் வந்தன. ஈரக் காகிதத்தின் ஓரத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், கரியால் வைத்த புள்ளிகள் போல. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு படகு, இரு பக்கமும் மிதவை கட்டியது. கடற்கரையில் பிறந்தவன் நான், எத்தனையோ படகு பார்த்திருக்கிறேன். இவ்வளவு கச்சிதமாக ஒன்றைப் பார்த்ததில்லை. உத்தமபாளையம் சந்தைக்கு வருகிற காமயகவுண்டன்பட்டிப் பெண்கள் எல்லாம் மாடிப்படி ஏறி, "எங்க கொசு பெத்துருச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும் முகங்கள்.

முட்டை புழுவாகி, புழு கூட்டுப்புழுவாகி, கொசுவாகிப் பறந்ததும் கடைசிச் சோதனை. மருந்து தடவிய தாள் சுற்றிய குழாய்க்குள் பிள்ளைகளை விடுவது. பல குடும்பங்களில் எல்லாமே செத்தன. சிலவற்றில் எதுவுமே சாகவில்லை. இரண்டாலும் அவளுக்குப் பிரயோஜனம் குறைவு. சில பிள்ளைகள் செத்து, சில பிழைத்தால்தான், பிழைத்தவர்களிடம் மட்டும் பொதுவாக இருக்கும் கல் எது என்று தேட முடியும். கடைசி வாரத்தில் அப்படி ஒரே ஒரு குடும்பம் கிடைத்தது. நூர் அந்தக் கோப்பையின் பெயரை எனக்குக் காட்டினாள், யாரிடமும் சொல்லக் கூடாது என்றாள். டி.என்.ஏ. பார்க்கும் வரை அதுவும் நிச்சயமில்லை. தெருவில் கலவரம் வேண்டாம்.

பினாங்குக்குத் திரும்பிச் சில மாதம் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் ஒரு தாளை வைத்தாள். நீளமாக மூன்று கோடுகள், குறுக்கே சிறு சிறு கோடுகள். வெறுமையாகக் கிடந்த இடத்தில் இப்போது நெருக்கமாகக் கற்கள். இரண்டு கற்களுக்கு நடுவே சிவப்பில் ஒரு குறி.

"அடைஞ்சுருச்சுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மேலதிகாரிக்கும் அனுப்பியாகிவிட்டதாம். இனி வேலையை யாருக்கும் கொடுக்கப்போவதில்லை என்று பதிலும் வந்துவிட்டதாம். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். 

காதர் மச்சானுக்கு போன் செய்தோம். அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு காமயகவுண்டன்பட்டிக்கே போய், ராமத்தாய் அக்கா கையில் செல்போனைக் கொடுத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். நூர் போனை என்னிடம் நீட்டி, என்னைப் பேசச் சொன்னாள்.

"அக்கா, மருந்துக்குச் சாகாம இருக்குறதுக்குக் காரணத்தைக் கண்டுபிடிச்சாச்சு. உங்க வீட்டுக் கொசுக் குடும்பத்துலதான். உங்க பேரு அச்சுல வரப்போகுது."

அந்தப் பக்கம் அக்கா வாசலுக்கு ஓடுகிற சத்தம். பிறகு, செல்போனைக் காதிலிருந்து எடுக்காமலே, தெருவைப் பார்த்து ஒரு கூப்பாடு. "ஏடி பேச்சி! கேட்டுக்கடி! எந்த மருந்துக்கும் சாகாதது எங்க வீட்டுக் கொசுதானாம்!"

தூரத்தில் பேச்சியம்மாவின் குரல் மெலிதாக வந்தது. "அது எங்கிட்டுச் சாகும்! வளத்தவ மாதிரிதான இருக்கும்!"

போனை வைத்த பிறகு எனக்கும் அதே மாதிரி கத்த வேண்டும் போலிருந்தது. கண்டுபிடித்தது என் வீட்டுக்காரி என்று. சன்னலைத் திறந்து பார்த்தேன். நாங்கள் இருப்பது பதினோராவது மாடி. கீழே கார்கள் போய்க்கொண்டிருந்தன. எதிர்க் கட்டடத்தில் ஒரு சீனக் கிழவர் சட்டை காயப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. சன்னலைச் சாத்திவிட்டு வந்து, இதை எழுத உட்கார்ந்தேன்.